சாந்தினி சௌக்கின் மறைந்த நீர்வழி: பெயர்களும் பெயர்ப்பும்

பழைய தில்லியில் வழிகாட்டியுடன் குழுவாகச் செல்லும் வரலாற்று நடைகளுள் ஒன்று, செங்கோட்டையின் லாகூர் வாயிலுக்கு எதிரே தொடங்கி ஃபத்தேபுரி மசூதி வரை நீள்வது. இவ்வீதியின் நடுவே முன்பு கால்வாய் ஓடியது. இன்று அங்கு நீர் இல்லை. வழிகாட்டி சுட்டிக் காட்டுவதற்கு எஞ்சியவை பெரும்பாலும் பெயர்களே. எனவே அப்பெயர்களை மொழிபெயர்ப்போர் வரலாற்றுச் சான்றையே கையாள்கின்றனர் எனலாம்.

14ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் யமுனையிலிருந்து வெட்டுவித்த கால்வாய் காலப்போக்கில் தூர்ந்தது. ஷாஜகான் காலத்தில் அது புதுப்பிக்கப்பட்டு, 1639இல் நிறுவப்பட்ட புதுநகருக்குள் கொணரப்பட்டது. அலி மர்தான் கானின் பெயர் இதனோடு இணைத்துப் பேசப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டில் மீண்டும் வறண்ட இதில் 1820இல் ஆங்கில ஆட்சியினர் நீர்விட்டனர். பின்னர் அது மூடப்பட்டுத் தெருவாயிற்று.

கோட்டைக்குள் ஓடிய கிளை 'நஹ்ர்-இ-பிஹிஷ்த்' எனப்பட்டது. 'நஹ்ர்' அரபியில் ஆற்றைக் குறிக்கும். இந்தியில் 'நஹர்' என்பது வெட்டிய கால்வாய் மட்டுமே. இந்திப் பொருளைக் கொண்டு 'சொர்க்கக் கால்வாய்' என்று பெயர்த்தால் பொதுப்பணித் துறைக் கோப்பின் வாடை வீசுகிறது. குர்ஆன் கூறும் சுவன ஆறுகளுக்கும் இச்சொல்லின் பன்மையே வழங்குகிறது. பெயரிட்டோர் நினைவில் நின்றது அதுவாதல் வேண்டும். 'சுவன ஆறு' என்பதே பொருந்தும். நகர்க் கால்வாய்க்கு வழங்கிய 'நஹ்ர்-இ-ஃபைஸ்' என்னும் பெயரில் தமிழுக்கு இவ்விடர் இல்லை. 'ஃபைஸ்' என்பதன் அரபி மூலம் நீர் நிரம்பி வழிதலையும் அருளையும் ஒருங்கே உணர்த்தும். 'அருட்பெருக்கு' என்னும் நம் சொல்லும் அவ்வாறே.

சாந்தினி சௌக் என்பது முதலில் வீதி முழுமைக்கும் உரிய பெயரன்று. நடுவில் குளம் அமைந்த சதுக்கத்தை மட்டுமே குறித்தது. நீரில் நிலவொளி விழுந்ததால் வந்த பெயர் என்பர். வெள்ளி வணிகரோடு இணைப்பாரும் உளர். ஆயின் வெள்ளி 'சாந்தீ', நிலவொளி 'சாந்தினீ'. குளம் போனபின் அவ்விடத்தில் எழுந்த மணிக்கூண்டும் இன்றில்லை. 'கண்டாகர்' என்னும் பெயர் மட்டும் நிலைத்துள்ளது.

நகரின் வடமேற்கே உள்ள 'புல் பங்கஷ்' இன்று மெட்ரோ நிலையப் பெயராகவும் வழங்குகிறது. 'புல்' பாரசீகத்தில் பாலம். தமிழ் வாசகருக்கோ அது மாடு மேய்வது. ஒலிபெயர்ப்போடு நின்றுவிட்டால் பாலமும், அதன்கீழ் ஓடிய நீரும் ஒருங்கே மறைகின்றன. முதல் முறை வருமிடத்திலேனும் 'பங்கஷ் பாலம்' என எழுதிவிட்டு, அதன்பின் வழக்குப் பெயரை ஆளலாம்.