திகதியின் உருவும் பொருளும்

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவில் கற்கோட்டை ஒன்று இன்றும் நிற்கிறது. 1628ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை அது. பத்தாண்டுகள் கழிந்தபின், 1638ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் திகதி, ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து அதனைக் கைப்பற்றினர். ஐந்து நாட்கள் சென்று, மே 23ஆம் திகதி, மன்னனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் உடன்படிக்கை செய்துகொண்டனர். இவை ஈழநாட்டு வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்திகள்.

அந்த மே 18 என்ன கிழமை? இக்கேள்வியை ஒரு மாணவன் யூனிக்ஸ் வகைக் கணினியிடம் கேட்பதாகக் கொள்ளலாம். திரையில் 'கால்' என்னும் கட்டளையை எழுதி, மாதத்தையும் ஆண்டையும் கொடுத்தால், அம்மாதத்து நாட்காட்டி கண்முன் விரியும். அதில் 18 என்னும் எண் வெள்ளிக்கிழமையின்கீழ் நிற்கும். ஆனால் கோட்டைக்குள் புகுந்த ஒல்லாந்தப் படைவீரனுக்கு அன்று செவ்வாய்க்கிழமை. கணினி கூட்டலிற் பிழைவிடவில்லை. அங்ஙனமாயின் இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது?

விடை காண ஐரோப்பாவுக்குச் செல்லவேண்டும். யூலியசு சீசர் காலத்து நாட்காட்டி, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழப் பதினொரு நிமிடம் மிகையாகக் கணக்கிட்டது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அப்பிழை பத்து நாளாகத் திரண்டது. பாப்பரசர் பதின்மூன்றாம் கிரெகரி 1582ஆம் ஆண்டில் அதனைத் திருத்தினார். போர்த்துக்கல்லில் அவ்வாண்டு ஒக்டோபர் 4ஆம் திகதிக்கு மறுநாள் 15ஆம் திகதியாயிற்று. ஒல்லாந்து, சீலாந்து மாகாணங்களும் சில திங்களுள் திருத்தத்தை ஏற்றன. இங்கிலாந்தோ பாப்பரசரின் சொல்லை ஏற்காது நூற்றெழுபது ஆண்டுகள் பிடிவாதமாக இருந்தது. 1752ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் திகதிக்கு மறுநாளை 14 என எண்ணியே புதுமுறைக்கு வந்தது.

'கால்' என்னும் கட்டளை ஆங்கில உலகிற் பிறந்தது. அதன் வழக்கமான அமைப்பு இங்கிலாந்தின் வழியையே பின்பற்றுகிறது. 1752ஆம் ஆண்டு செப்டெம்பரைக் கேட்டால், இடையில் பதினொரு நாட்கள் இல்லாத மாதமொன்றை அது காட்டும். அதற்கு முந்திய காலம் முழுவதும் பழைய முறையிலேயே எண்ணப்படும். ஆங்கிலேயர் மட்டக்களப்பைக் கைப்பற்றியதோ 1795ஆம் ஆண்டில். அதாவது தம் நாட்காட்டியைத் திருத்தி நாற்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின்னர். ஆகவே வாவிக்கரையில் ஒருநாளும் வழங்காத ஒரு கணக்கை, வாவிக்கரையின் வரலாற்றுக்கு அக்கட்டளை பொருத்திவிடுகிறது. எண் சரியானதே, எந்த நாட்காட்டியின் எண் என்பதே பிழைத்தது.

ஐரோப்பியர் வருமுன்னரே இந்நாட்டார் காலத்தை எழுதிவைத்தனர். எவ். எக்ஸ். சீ. நடராசா 1962ஆம் ஆண்டில் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' கலியாண்டினாற் காலம் குறிக்கிறது. கலியாண்டிலிருந்து கிறித்து ஆண்டைப் பெற 3101ஐக் கழிக்கவேண்டும். ஆனால் இது கழிந்த ஆண்டுக்குரிய விதி. நடப்பாண்டு எழுதப்பட்டிருப்பின் 3102ஐக் கழிக்கவேண்டும். ஏட்டில் உள்ளது எது என்பதை அறியாதவன் ஓராண்டு வழுக்கிவிடுவான்.

அறுபதாண்டுச் சுற்றின் இடர் இதனினும் பெரிது. யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகள் காரைதீவிற் பிறந்த நாள் கர வருடம் பங்குனி மாதம் 16ஆம் நாள். ஆங்கிலக் கணக்கில் 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி. ஆனால் கர வருடத்துப் பங்குனி 1832லும் வந்தது; 1952லும் 2012லும் வந்தது. நூற்றாண்டு எதுவென்பதை ஆண்டின் பெயர் சொல்லாது. அன்றியும் இக்காலத்தில் பங்குனி 16 மார்ச் 29 அல்லது 30 ஆகவே வருகிறது. இரு நாட்காட்டிகளின் ஆண்டுநீளமும் சிறிது வேறுபடுவதால், அவற்றின் இடைவெளி மெல்ல நகர்கிறது. 'தமிழ்த் திகதியோடு இத்தனை நாளைக் கூட்டுக' என்ற ஒற்றை விதி எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது.

காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வாழும் முஸ்லிம் மக்களின் ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாட்களைக் கொண்டது. தலைப்பிறை கண்டே அங்கு மாதம் பிறக்கிறது. பிறை ஓரூரில் இன்றும் வேறோரூரில் நாளையும் தென்படலாம். கணிதத்துக்கும் கண்ணுக்கும் ஒருநாள் வேற்றுமை வருதல் இயல்பு.

இத்தகைய இடர்களைத் தீர்க்க வாழ்நாளைச் செலவிட்ட தமிழறிஞர் ஒருவர் உண்டு. எல். டி. சுவாமிக்கண்ணுப்பிள்ளை 1911ஆம் ஆண்டில் இந்தியக் காலக்கணிதம் பற்றிய நூலையும், 1922இல் கி.பி. 700 முதல் 1799 வரையிலான நாட்களுக்குரிய பெரும் பஞ்சாங்கத் தொகுதிகளையும் சென்னையில் வெளியிட்டார். கல்வெட்டொன்று ஆண்டோடு திதியையும் நாண்மீனையும் கிழமையையும் கூறுமாயின், அவை ஒன்றுக்கொன்று சான்றாக நிற்கும். எல்லாச் சான்றும் ஒரே நாளிற் கூடினால் அந்நாளே கல்வெட்டின் நாள். கூடாவிடின், ஆராய்வோன் தன் முடிவை மீண்டும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

இன்று இப்பணியின் ஒரு பகுதி கணினிக்குச் சென்றுள்ளது. 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 'செட்', 'ஆக்' என்னும் இரு சிறு கருவிகள் தோன்றின. உரைக்கோப்பு மடைநீர்போல வரிவரியாக அவற்றின் ஊடாக ஓடும். 'ஈரிலக்கம், புள்ளி, ஈரிலக்கம், புள்ளி, நான்கிலக்கம் எங்கு வரினும் பிடி. மூன்று கூறுகளையும் தலைகீழாக அடுக்கு' என்று ஒரு வரியில் ஆணையிட்டால், 18.05.1638 என்பது 1638-05-18 ஆகிவிடும். பல்லாயிரம் வரிகளும் சில நொடியில் முடியும். 1988ஆம் ஆண்டில் உலகத் தரநிர்ணய அமைப்பு வகுத்த ஒழுங்கும் இதுவே. ஆண்டு முன்னும், மாதம் இடையும், நாள் பின்னும் நிற்பதால், அகரவரிசையில் அடுக்கினாலே காலவரிசை கிட்டும். 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நூலகத் திட்டமும் ஈழத்து நாளிதழ்களை இவ்வொழுங்கிலேயே பெயரிட்டு இணையத்தில் வைத்துள்ளது.

ஆனால் இக்கருவிகள் உருவத்தையே அறியும், பொருளை அறியா. 26.12.2004 என்பதில் ஐயமில்லை. இருபத்தாறாம் மாதம் ஒன்று இல்லையன்றோ. 05.06.1963 என்பதோ இலங்கையில் யூன் 5ஆம் திகதி. மாதத்தை முன்வைக்கும் அமெரிக்க வழக்கில் மே 6ஆம் திகதி. ஆண்டின் நாட்களுள் 132 நாட்கள் இவ்வாறு இருபொருள் தருவன. அந்நாட்களில் நேரும் பிழையை எந்தக் கருவியும் தானாகக் கண்டு எச்சரிக்காது.

இதனால் வரும் கேட்டை மட்டக்களப்பார் எளிதில் உணர்வர். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கல்லடி, நாவலடிக் கரைகளை அழித்தபோது, உயிர்களோடும் உடைமைகளோடும் பிறப்புச் சான்றுகளும் காணி உறுதிகளும் கடலுக்கு இரையாயின. ஓலையோ தாளோ அழிந்தபின், அதன் படியே மூலமாகிவிடுகிறது. அப்படியில் ஒரு நாளும் ஒரு மாதமும் இடம் மாறினால், பிறந்தநாள் வேறாகும், உரிமை ஐயத்துக்குள்ளாகும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு சான்றும் இராது.

ஆதலின் ஏட்டையும் பதிவேட்டையும் கணினியில் ஏற்றுவோர் மூன்று செய்தல் நன்று. மூலத்தில் உள்ள திகதியை உள்ளவாறே ஓரிடத்தில் வைத்தல் ஒன்று. திருத்திய வடிவத்தை அதன் அருகே தனியே எழுதுதல் மற்றொன்று. எந்த நாட்காட்டியிலிருந்து எந்த விதியால் மாற்றியது என்பதைக் குறித்தல் மூன்றாவது. கர வருடம் பங்குனி 16 என்பதை அழித்து 1892-03-27 என்று மட்டும் எழுதியவன், பின்வருவோர் சரிபார்க்கும் வழியை அடைத்துவிடுகிறான். இரண்டையும் வைத்தவன், தன் பிழையையும் பிறர் திருத்த இடந்தருகிறான்.

புளியந்தீவுக் கோட்டை வீழ்ந்த கிழமையைச் செவ்வாய் என இன்றும் கூற முடிவது, அந்நாளை எழுதியவர் எந்த நாட்காட்டியைக் கைக்கொண்டார் என்பது தெரிந்திருப்பதனாலேயே.