பீரங்கி வண்டை இனங்காணுதல்

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில், நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு வழிவிடும் சிற்றூர் ஹுன்னஸ்கிரிய. 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தப்பட்ட மத்திய மலைநாட்டில் இம்மலைத்தொடரும் அடங்கும். இத்தகைய காடுகளின் பறவைகளும் மரங்களும் பெறும் கவனத்தைத் தரை வண்டுகள் பெறுவதில்லை. இலங்கையின் தரை வண்டுகளுள் விந்தையானது பீரங்கி வண்டு. அதனை இனங்காணும் முறையை இங்கு நோக்குவோம்.

இவ்வண்டு பகலில் கற்களுக்கும் சருகுகளுக்கும் அடியில் ஒளிந்திருந்து இரவில் இரை தேடும். வயிற்றினுள் ஒரு பையில் ஐதரோகுயினோனும் ஐதரசன் பேரொட்சைட்டும் கலந்திருக்கும். எதிரி தீண்டியவுடன் அக்கலவை தடித்த சுவருடைய மற்றோர் அறைக்குள் தள்ளப்படுகிறது. அங்குள்ள நொதியங்கள் தாக்கத்தைத் தூண்ட, ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எரிச்சலூட்டும் திரவம் வெடியோசையுடன் பீறிடுகிறது. கென்யாவின் இனமொன்றில் இது தொடர்ச்சியான தாரையன்று, செக்கனுக்குச் சுமார் 500 துடிப்புகளாக வெளிப்படுவது என்பதை தோமஸ் ஐஸ்னர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1990இல் நிறுவினர். தேரைகள் விழுங்கிய ஜப்பானிய இனத்தின் வண்டுகளில் 43 வீதமானவை உயிருடன் வாந்தியெடுக்கப்பட்டமை 2018இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

வெடியோசையால் வகை தெரியும், இனம் தெரியாது. முதலில் முன்சிறகுகளைப் பார்க்க வேண்டும். அவை நுனியில் வெட்டியதுபோல் முடிவதால் வயிற்றின் முனை வெளியே தெரியும். அடுத்து, வயிற்றின் அடிப்புறத் தகடுகளை எண்ண வேண்டும். ஏனைய தரை வண்டுகளில் பெரும்பாலும் ஆறு தகடுகளே தெரியும். இவற்றிலோ அதைவிடக் கூடுதலாகத் தெரியும். ஆசியாவின் பெரிய பீரங்கி வண்டுகள் பல ஃபெரோப்சோஃபஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. அவற்றின் கரிய சிறகுகளில் நீளவாக்கிலான மேடுகளும் மஞ்சள் புள்ளிகளும் காணப்படும். 1771இல் லின்னேயஸ் பெயரிட்ட பைமாகுலேட்டஸ் இவற்றுள் ஒன்று. எனினும் புள்ளிகளின் அளவு ஒரே இனத்துள்ளும் வேறுபடும். ஆதலால் தலை, மார்புக் கவசம் ஆகியவற்றின் வடிவையும், ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பையும் ஒப்பிட்டே முடிவுக்கு வர வேண்டும். மேலிருந்து எடுத்த நிழற்படம் மட்டும் இதற்குப் போதாது.

ஜோர்ஜ் லூயிஸ் இலங்கையில் திரட்டிய தரை வண்டுகளை இங்கிலாந்தின் பேட்ஸ் 1886இல் விவரித்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்த பின்னரும் அவ்வண்டுகள் பயன்படுவதற்குக் காரணம், அவற்றுடன் சேகரித்த இடமும் பேணப்பட்டமையே. இடமும் திகதியும் அற்ற மாதிரி அழகுப் பொருளேயன்றிச் சான்றாகாது.

இதில் உழவர்களுக்கும் அக்கறையுண்டு. இப்பேரினத்தின் சில இனங்களின் குடம்பிகள், பயிர்வேர்களைச் சேதப்படுத்தும் பிள்ளைப்பூச்சியின் முட்டைகளை உண்டு வளர்பவை. கண்ணில் பட்ட வண்டையெல்லாம் நஞ்சிட்டு அழித்தால், பகையுடன் துணையும் அழியும்.

படைப்பின் நுட்பத்தைச் சிந்திப்பதை நற்செயலாகப் போற்றுபவர்கள் நாம். அச்சிந்தனை வியப்போடு நின்றுவிடலாகாது. பாதுகாக்கப்பட்ட காட்டில் அனுமதியின்றி எதனையும் பிடித்தல் தவறு. ஆயினும் தோட்டத்தில் காணும் வண்டின் இடம், உயரம், திகதி, வாழிடம் ஆகியவற்றைக் குறித்துவைக்க எவருக்கும் தடையில்லை. நம் மாணவர்கள் இப்பழக்கத்தைக் கைக்கொண்டால், நம் மண்ணின் உயிர்களைப் பற்றிய அறிவு நம்மிடமிருந்தே வளரும்.