தொழிற்பழகுநரும் தொழிலாளரும்: வடசென்னையை முன்னிட்டு ஒரு சொல்லாராய்ச்சி

இராயபுரத்தினின்றும் வாலாசா வரை முதற் புகைவண்டி ஓடிய ஆண்டு 1856. அதற்கு 6 ஆண்டுகள் முன்னரே தொழிற்பழகுநர் சட்டம் இந்நாட்டில் தோன்றிவிட்டது. 1850ஆம் ஆண்டின் 19ஆம் சட்டமாகிய அது, 10 வயதிற்கு மேற்பட்டு 18க்கு உட்பட்ட சிறாரைத் தந்தையோ காப்பாளரோ 7 ஆண்டுகட்கு மிகாமல் ஒருவர்பால் தொழில் கற்க ஒப்படைக்க வழி செய்தது. ஆதரவற்ற சிறார்க்கு நடுவரே காப்பாளராய் நிற்கலாம். கப்பல் தொழிலுக்கும் சிறாரை அவ்வாறு பிணிக்கலாம் என அது கூறுதல், துறைமுகப் பகுதியை ஆராயும் நம்மால் கருதத்தக்கது. அவ்வொப்பந்தத்தின்படி உழைத்தோர் சிறுவர்.

எண்ணூரில் அசோக் லேலண்டு, திருவொற்றியூரில் என்பீல்டு ஆகிய ஆலைகள் 1950களில் வளர்ந்த காலத்தே சட்டத்தின் நோக்கு வேறாயிருந்தது. 1947ஆம் ஆண்டின் தொழிற்றகராறுச் சட்டம் 'தொழிலாளர்' என்னும் சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்துத் தொழிற்பழகுநரையும் வெளிப்படையாக உளப்படுத்திற்று. தமிழிலும் இவ்விரு சொற்களும் நோக்கத்தக்கன. 'தொழிலாளர்' என்பது தொழிலை ஆள்பவரைக் குறிக்கும். 'பழகுநர்' என்பதோ பழகுதலாகிய வினையளவில் நின்றுவிடும். ஆலையகத்தே ஒரே பொறியின்முன் நிற்கும் இருவரை இச்சொற்கள் பிரித்துவிடுகின்றன என்க.

அப்பிரிவினையைச் சட்டமாக்கியது 1961ஆம் ஆண்டின் 52ஆம் சட்டமே. அதன் 18ஆம் பிரிவு, தொழிற்பழகுநர் பயிற்சி பெறுவோரேயன்றித் தொழிலாளர் அல்லர் எனவும், தொழிலாளர் சட்டங்கள் அவர்க்குப் பொருந்தா எனவும் விதித்தது. எனினும் அவர் முற்றிலும் கைவிடப்பட்டிலர். எழுத்து ஒப்பந்தமும் அதன் பதிவும், உதவித்தொகையும், உடல்நலம் பாதுகாப்புப் பற்றிய ஆலைச் சட்ட விதிகளும், பணியிடை ஊறு நேரின் இழப்பீடும் அவர்க்கு உண்டு. இல்லாதது ஒன்றே, பயிற்சி முடிந்தபின் வேலை.

ஈண்டு 22ஆம் பிரிவைச் சற்றே விரித்து நோக்குவாம். பயின்றார்க்கு வேலை தரும் கடப்பாடு முதலாளிக்கு இல்லை என்பது அதன் முதற்கூறு. பயின்றபின் அம்முதலாளியிடமே பணிபுரிதல் வேண்டும் என ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருப்பின், அவரும் தகுந்த வேலை தரக் கடமைப்பட்டவர் என்பது அடுத்த கூறு. எனவே, இளைஞரைக் கட்டுவதுபோல் தோன்றும் அந்நிபந்தனையே அவர்க்கு அரணாதலும் உண்டு. ஒப்பந்தத்தைப் படியாது ஒப்பமிடுவார் இதனை அறிதல் அரிது.

உத்தரப்பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், பிற தகுதிகள் ஒத்திருப்பின் பயின்றார்க்கு முன்னுரிமை தருக என்றது. அஃது உரிமையன்று, வரிசையில் ஓரிடம் மட்டுமே. அம்மாநில மின்வாரிய வழக்கிலோ 2004இல் அந்நீதிமன்றம், ஒப்பந்தம் பதிவு செய்யப்படாமையாலேயே பழகுநர் தொழிலாளர் ஆகிவிடார் என முடிவு கூறிற்று. பதிவு பழகுநரைக் காத்தற்கு ஏற்பட்டதாயின், அதனைச் செய்யாத முதலாளிக்கு நேரும் இழப்பு யாது என்னும் வினா நமக்கு எழுகின்றது. 2014இல் 22ஆம் பிரிவின் முதற்கூறு திருத்தப்பெற்று, ஒவ்வொரு முதலாளியும் இது பற்றித் தமக்கெனக் கொள்கை வகுத்தல் வேண்டும் என்றாயிற்று.

1947இன் சொற்பொருளும் இன்றில்லை. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பு, 'தொழிலாளர்' என்னும் சொல்லினின்றும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த பழகுநரை வெளிப்படையாகவே விலக்கியுள்ளது.