ஒப்பமும் பொறுப்பும்: பயணியர் விமானப் பராமரிப்பு நெறிமுறையின் வரலாறு, தென்சென்னைப் புறநகரை முன்வைத்து

முன்னுரை

பரங்கிமலை முதல் தாம்பரம் வரையிலான புறநகர் இருப்புப்பாதையை ஒட்டி மீனம்பாக்கம் விமான நிலையமும், 1949இல் சி. இராஜம் நிறுவிய குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும், தாம்பரம் விமானப்படைத் தளமும் அதன் இயந்திரவியல் பயிற்சி நிறுவனமும் அமைந்துள்ளன. இவ்வட்டாரத்தின் வரலாற்றை எழுதுவோர் ஏரிகளையும் தோல் தொழிலையும் மனைப்பிரிவுகளையும் பெரும்பாலும் பேசுகின்றனர். விமானம் பேணும் தொழில் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது. பராமரிப்பு நெறிமுறை மீறப்படுவதற்குச் சோம்பலும் அறியாமையுமே காரணம் என்பது பொதுக்கருத்து. தொழில் தேர்ந்தவர்களின் நல்லெண்ணமும் அதற்குக் காரணமாகலாம் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சட்டமும் ஒப்பமும்

1932 அக்டோபர் 15 அன்று டாடா நிறுவனத்தின் அஞ்சல் விமானப் பணி கராச்சியில் தொடங்கியது. ஜே.ஆர்.டி. டாடா பம்பாய் வரை ஓட்டிவந்தார். பெல்லாரி வழியாகச் சென்னை வரையிலான பகுதியை நெவில் வின்சென்ட் ஓட்டினார். ஓட்டியவர் பெயர்கள் வரலாற்றில் நின்றன. ஒற்றை எஞ்சின் கொண்ட அந்தப் ‘பஸ் மாத்’ விமானத்தைப் பேணியவர்கள் அவ்வாறு நினைக்கப்படுவதில்லை. அவர்களுக்குச் சட்டத்தில் தெளிவான இடம் தந்தவை, 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட 1937ஆம் ஆண்டு விமான விதிகள். அவற்றுள் 60ஆம் விதி பராமரிப்புத் தரத்தையும் சான்றளிப்பையும் பற்றியது. 61ஆம் விதி பராமரிப்புப் பொறியாளர் உரிமம் பற்றியது. உரிமம் தனிமனிதருக்கு வழங்கப்படுவது இங்குக் கருதத்தக்கது. நிறுவனம் எத்துணைப் பெரிதாயினும், பணி முடிந்த விமானத்தைப் பறக்க விடுவிப்பது ஒருவரது கையொப்பமே. 1953இல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையான பின்னரும் இந்நிலை மாறவில்லை. 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 சனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டம் நடைமுறையில் உள்ளது.

மீறலின் இயல்பு

ஒப்பமிடுபவர் எந்நிலையில் நெறி பிறழ்கிறார் என்பதை அறிய, நன்கு ஆராயப்பட்ட இரு அயல்நாட்டு நிகழ்வுகள் உதவும். 1979 மே 25 அன்று சிகாகோவில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் டிசி-10 விமானம் மேலெழும்போதே இடப்புற எஞ்சினை இழந்து வீழ்ந்தது. தரையில் இருந்த இருவர் உட்பட 273 பேர் மாண்டனர். எஞ்சினை முதலில் இறக்கி, அதனை இறக்கையோடு பிணைக்கும் தாங்கியைப் பின்னர்க் கழற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளர் வகுத்த முறை. பராமரிப்புப் பிரிவினரோ இரண்டையும் ஒருசேர ஃபோர்க்லிஃப்டால் தாங்கி இறக்கினர். இதனால் ஒரு விமானத்திற்கு ஏறத்தாழ 200 ஆள்மணி நேரம் மிச்சமாயிற்று. பிரிக்க வேண்டிய இணைப்புகளும் 79இலிருந்து 27ஆகக் குறைந்தன. இணைப்பு குறைந்தால் பிழையும் குறையும் என்பது பிழையான கணக்கன்று. ஆனால் அம்முறையில் தாங்கியின் பின்முனை விளிம்பில் விரிசல் விழுந்தது. இதே முறையைக் கையாண்ட காண்டினென்டல் நிறுவனத்திலும் முன்னரே இத்தகைய விரிசல் கண்டு செப்பனிடப்பட்டது. எனினும் அதன் உண்மைக் காரணம் பிற நிறுவனங்களுக்கு உறைக்கும்படி சென்று சேரவில்லை.

1990 சூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் பெயர்ந்தது. தலைமை விமானி பாதியுடல் வெளியே இழுக்கப்பட்டும் உயிர் பிழைத்தார். அக்கண்ணாடியைப் பொருத்தியவர் புதியவர் அல்லர். இரவுப் பணிமுறையின் பராமரிப்பு மேலாளரே. கழற்றிய மரையாணியை மாதிரியாகக் கொண்டு, பாகப்பட்டியலைப் பாராமல், கண்ணளவில் புதியவற்றைத் தேர்ந்தார். 90 மரையாணிகளில் 84 விட்டத்தில் 0.026 அங்குலம் சிறியவை. எஞ்சிய ஆறும் நீளம் குறைந்தவை. மாதிரியாகக் கொண்ட பழைய மரையாணியும் உரிய நீளம் உடையதன்று! முன்கண்ணாடி அன்று இரண்டாம் ஆய்வு கட்டாயமான பகுதிகளுள் அடங்கவில்லை. ஆதலால் செய்தவரின் ஒப்பமே இறுதியாயிற்று.

முன்னதில் நெறியை மாற்றியது திறமை. பின்னதில் அதனைத் தேவையற்றதாக்கியது அனுபவம். இவற்றை ‘அலட்சியம்’ என்னும் ஒரு சொல்லில் அடக்குவது வரலாற்று விளக்கமாகாது. 1937ஆம் ஆண்டு விதிகள் வேண்டும் கையொப்பம் செய்தவரின் நேர்மைக்குச் சான்றாகுமேயன்றி, செய்தது சரி என்பதற்கு முழுச் சான்றாகாது. பின்னர் வந்த இரட்டை ஆய்வு முறைகளை இப்பின்னணியில் வைத்தே காணவேண்டும்.

பதிவேடு என்னும் சான்று

2016 சூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என்-32 விமானம் 29 பேருடன் வங்கக்கடல் மீது மறைந்தது. அது படைவிமானம், மேற்கண்ட விதிகளுக்கு உட்பட்டதன்று. பராமரிப்புக் குறை அதற்குக் காரணம் எனக் கூறுவதும் இங்கு நோக்கமன்று. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம், சென்னைக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 310 கி.மீ. தொலைவில் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம்பிடித்தது என 2024 சனவரியில் அறிவிக்கப்பட்டது. ஏழாண்டுகளுக்கும் மேலாக விமானமும் அதன் கருவிகளும் கைக்கு எட்டாதிருந்தன. இத்தகைய நிலையில் கரையில் எஞ்சும் பொருட்சான்று பராமரிப்புப் பதிவேடே: எந்தப் பாகம், எந்நாளில், எவர் ஒப்பத்துடன் மாற்றப்பட்டது என்னும் வரிகள்.

பயணியர் விமானங்களின் பணித்தாள்களை வரையறுத்த காலம் வரையே நிறுவனங்கள் பேணவேண்டும். அதன்பின் அவை ஆவணக் காப்பகத்திற்குச் செல்லும் வழக்கமில்லை. மீனம்பாக்கத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர்களின் வாய்மொழி வழக்காறுகளையும், அவர்களிடம் எஞ்சியுள்ள பணிக்குறிப்பேடுகளையும் அவர்கள் வாழும் காலத்திலேயே திரட்டுவது இவ்வட்டார வரலாற்றாய்வின் உடனடிப் பணியாகும்.