கிழட்டு மாமரமும் ரம்பமும்

மாமரத்துல கத்தி வைக்கக் கூடாது என்பது தோப்புக்காரர்களிடம் ஊறிப்போன எண்ணம். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்குன்னு நினைக்கிறேன்.

அக்பர் தர்பங்காவில் லட்சம் மாமரம் வைத்ததாகச் சொல்வார்கள். அன்றைக்குத் தோப்பு என்பது நிழல், கௌரவம், பேரப்பிள்ளைகளுக்கான சொத்து. மரம் எவ்வளவு பெரிசோ அவ்வளவு பெருமை. பிறகு வந்த ஒட்டுமாந் தோப்புகளிலும் 10 மீட்டர் இடைவெளி, ஹெக்டேருக்கு 100 மரம். நாற்பது வருஷத்தில் கிளையோடு கிளை மோதிக்கொள்ளும். மாமரம் பூப்பது முதிர்ந்த கிளை நுனியில், அதுவும் வெயில் பட்டால்தான். உள்ளே இருட்டு, உச்சியில் மட்டும் காய். மருந்தடிக்கவும் எட்டாது.

மலிஹாபாத் தசேரி தோப்புகளுக்கும் இதே கதைதான். பக்கத்திலேயே, லக்னோவை அடுத்த ரஹ்மான்கேடாவில், 1972இல் மத்திய மாம்பழ ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அதன் வழிவந்த இன்றைய நிறுவனம் சொல்லும் வைத்தியம்: டிசம்பர்-ஜனவரியில் மரத்தை 4-5 மீட்டர் உயரத்துக்கு வெட்டு, வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு பசை பூசு, வரும் தளிர்களில் வெளிப்பக்கம் பார்ப்பவற்றை மட்டும் விடு. இரண்டு மூன்று வருஷத்தில் மறுபடி காய்க்கும்.

சிக்கல் அந்த இரண்டு மூன்று வருஷம்தான். அதுவரை வீட்டில் அடுப்பு எரியணுமே! மொட்டையடித்த மரத்தைத் தண்டுத்துளைப்பான் பிடித்தால் அதுவும் போச்சு. அதனால்தான் பலர் மரத்தை விறகுக்கு விற்றுவிடுகிறார்கள். ஒரே மூச்சில் வெட்டாமல், முதலில் நடுக்கிளை, பிறகு நெரிசலான கிளைகள் என்று வருஷாவருஷம் எடுத்தால் வருமானம் முழுசா நிற்காது.

ஒன்று கவனிக்கணும். லக்னோ நாள்காட்டி நமக்கு ஆகாது. டிசம்பரில் இங்கே மரம் பூக்கத் தயாராகும். நமக்கு அறுவடை முடிந்த ஆகஸ்ட்-செப்டம்பர்தான் கவாத்துக் காலம்.