மணிக்கட்டும் மரபணுவும்: தொழில்வழித்தடப் பள்ளிகளில் மரபணு அறநெறி கற்பித்தல்

மரபணுப் பொறியியலின் அறநெறியைப் பள்ளியில் எந்த இடத்தில் கற்பிப்பது என்பதை நம் பாடநூல்கள் பெரிய விவாதம் ஏதுமின்றியே தீர்மானித்துவிட்டன. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் நூலில், உயிர்த்தொழில்நுட்பத்தின் பயன்பாடுகளைச் சொல்லும் இயலின் இறுதியில் அறநெறிச் சிக்கல்களுக்கென்று ஒரு சிறு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. மனித உடலியங்கியல் அதற்கு முந்தைய ஆண்டே முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்திலும் பிரிவினை ஏறக்குறைய இதுதான்: செரிமானம், சுவாசம், சுற்றோட்டம், கழிவுநீக்கம், இயக்கம், நரம்பு, நாளமில்லாச் சுரப்பிகள் ஆகியவை பதினோராம் வகுப்பு விலங்கியலில்; மரபியலும் உயிர்த்தொழில்நுட்பமும் பன்னிரண்டாம் வகுப்பில். உடலைப் படித்து ஓராண்டு கழித்து மரபணுவைப் படிக்கும் மாணவருக்கு, அறம் இரண்டோடும் ஒட்டாத பின்குறிப்பாக வந்து சேர்கிறது. இக்கட்டுரை இந்த வரிசையை மறுக்கிறது. மரபணு பற்றிய அறக்கேள்விகளில் பெரும்பாலானவை, கூர்ந்து பார்த்தால், எந்த உறுப்பில் எது எப்படி இயங்குகிறது என்ற கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. ஆகவே அவற்றை உடல் மண்டலங்களைக் கற்பிக்கும் வகுப்பிலேயே, அந்தந்த உறுப்போடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

இவ்வாதத்தை மறைமலை நகரை முன்னிறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய இந்நகரம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது. பக்கத்தில் சிங்கப்பெருமாள் கோவிலில் பிரியும் சாலை ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிறது. ஃபோர்டு தன் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்த பிறகும், கார், லாரி, மோட்டார் சைக்கிள், கைப்பேசி என்று இந்த வழித்தடம் முழுவதும் மனிதக் கைகளின் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. அடுத்த ஊரான காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம் மரபணுப் பொறியியலில் பட்டப்படிப்பு நடத்துகிறது. மரபணுவைப் படிப்பவர்களும், உடல் உழைப்பை விற்பவர்களும் ஒரே சாலையில் பயணம் செய்யும் இடம் இது. ஆனால் தொழிற்சாலை லைனில் நின்று வேலை செய்பவர்களின் பிள்ளைகளில் பலர் பத்தாம் வகுப்புக்குப் பின் ஐடிஐ, பாலிடெக்னிக், வணிகவியல் என்று பிரிந்துவிடுகிறார்கள். அவர்கள் வாழ்நாளில் கடைசியாகத் திறக்கும் உயிரியல் நூல் பத்தாம் வகுப்பு அறிவியல்தான். மேனிலை வகுப்பில் இல்லாத ஒரு வசதி அந்நூலில் இருக்கிறது: சுற்றோட்டம், நரம்பு மண்டலம், ஹார்மோன்கள், மரபியல், மரபணு சிகிச்சை, உடல்நலம் எல்லாம் ஒரே ஆண்டில், ஒரே அட்டைக்குள் வருகின்றன. அவற்றை ஒன்றோடொன்று பேசவைக்க யாரும் முயலவில்லை என்பதுதான் குறை.

இங்குள்ள மாணவருக்கு மிகப் பொருத்தமான வழக்கு அமெரிக்காவில் நடந்தது. பர்லிங்டன் நார்தர்ன் சாண்டா ஃபே என்ற ரயில் நிறுவனத்தில், வேலையால் கை மரத்துப்போனது என்று இழப்பீடு கேட்ட ஊழியர்களிடமிருந்து ரத்தம் எடுத்து, அவர்களுக்குத் தெரியாமலே மரபணுச் சோதனை செய்தார்கள். அந்நாட்டின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2001 பிப்ரவரியில் நீதிமன்றம் சென்றது. 2002இல் 22 லட்சம் டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. இதை 'ஒப்புதல் இன்றிச் சோதித்தது தவறு' என்ற ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம்; பெரும்பாலும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. அதில் மாணவர் சிந்திக்க வேண்டியது எதுவும் மிஞ்சாது. மணிக்கட்டிலிருந்து தொடங்கினால் வழக்கின் முகமே மாறுகிறது. எட்டுச் சிறு எலும்புகள் வளைந்து ஒரு பள்ளமாக அமைந்திருக்கின்றன. அதன்மேல் குறுக்காக ஓர் உறுதியான தசைநார். அந்த இடுக்கு வழியாக ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் விரல்களுக்குப் போகின்றன. இடம் மிகக் குறைவு. ஒரே அசைவை அழுத்தத்தோடு மீண்டும் மீண்டும் செய்தாலோ, அதிரும் கருவியை மணிக்கணக்கில் பிடித்தாலோ தசைநாண்களின் உறை வீங்கி நரம்பை நெருக்குகிறது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி மரத்துப்போகும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகாது, ஏனெனில் அதற்கு வேறு நரம்பு. இதுதான் கார்பல் டனல் நோய். நிறுவனம் தேடியதோ 17ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமல் போவதால் வரும், மிக அரிதான ஒரு நரம்புக் கோளாறை. இப்போது மாணவர் தாமாகவே கேட்கக்கூடிய கேள்வி இது: ஆயிரக்கணக்கானோர் கையாளும் கருவியையும் வேலையின் வேகத்தையும் விட்டுவிட்டு, அரிதினும் அரிதான மரபணுக் குறையை முதலில் தேடியது ஏன்? மணிக்கட்டின் அமைப்பு தெரியாதவருக்கு இக்கேள்வி எழாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதைத் தவிர்த்துவிட்டுக் கற்பிப்பது நேர்மையாகாது. கார்பல் டனல் நோயில் மரபுக்குப் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது. பிரிட்டனில் இரட்டையராகப் பிறந்த பெண்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வு, இந்நோய் சிலருக்கு வருவதும் சிலருக்கு வராமல் இருப்பதுமான வேறுபாட்டில் கிட்டத்தட்டப் பாதிக்கு மரபே காரணம் என்று மதிப்பிட்டது. அப்படியானால் நிறுவனத்தின் ஐயத்தில் நியாயம் இருந்தது என்று ஒருவர் வாதிடலாம். இந்த வாதம் இரண்டு இடங்களில் சறுக்குகிறது. முதலாவது, அந்தப் 'பாதி' ஒரு மக்கள் கூட்டத்தில் காணப்படும் வேறுபாட்டைப் பற்றிய அளவு. ஒரு குறிப்பிட்ட தொழிலாளியின் வலியில் ஐம்பது பங்கு மரபு, ஐம்பது பங்கு வேலை என்று பிரித்துத் தரும் கணக்காக அதை வாசிக்கக் கூடாது. எல்லோரும் ஒரே வேலையைச் செய்யும் கூட்டத்தில் வேறுபாடு பெரும்பாலும் மரபிலிருந்து வருவதுபோலத் தோன்றும். ஆனாலும் அந்த வேலை இல்லையென்றால் அவர்களில் பலருக்கு நோயே வந்திருக்காது. இரண்டாவது, நீரிழிவும் தைராய்டுச் சுரப்புக் குறைவும் கர்ப்பகாலமும்கூட இந்த இடுக்கை நெருக்குகின்றன. காரணங்கள் பலவாக இருக்கும்போது, அவற்றுள் ஊழியரின் உடலுக்குள் இருப்பதை மட்டும் தேடுவது யாருக்கு லாபம் என்பது அறக்கேள்வி. அந்தக் கேள்வியை எழுப்புவதற்கான கருவிகள் எலும்பு, நரம்பு, ஹார்மோன் பாடங்களில் இருக்கின்றன. இத்தகைய வாசிப்பைப் பழக்குவதே அறநெறிக் கல்வியின் கடினமான பகுதி என்பது என் கருத்து. நல்லெண்ண வாசகங்களை மனப்பாடம் செய்வதில் அந்தக் கடினம் இல்லை.

இந்தியச் சூழலில் இதே கேள்வி இதயத்தின் வழியாக எழுந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ், இதயத் தசை தடித்துப்போகும் நோய் கொண்ட ஒருவரின் மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கையை, அது மரபணுக் கோளாறு என்று காட்டி மறுத்தது. 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மறுப்பு செல்லாது என்றது. மேல்முறையீட்டில் அத்தீர்ப்பின் ஒரு பகுதியை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அதே ஆண்டு, மரபணுக் கோளாறு என்ற விலக்கைக் காட்டிக் கோரிக்கைகளை மறுக்கக் கூடாது என்று நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. உயர் நீதிமன்றம் தொட்ட ஒரு புள்ளியை உயிரியல் ஆசிரியர் அப்படியே வகுப்புக்கு எடுத்துப்போகலாம்: இதயநோய், ரத்த அழுத்தம், நீரிழிவு எல்லாவற்றிலும் மரபுக்குப் பங்கு இருக்கும்போது, 'மரபணுக் கோளாறு' என்ற சொல்லுக்கு வரம்பு எங்கே? சுற்றோட்ட மண்டலத்தைப் படித்த மாணவரால் இதற்கு ஒரு விடையை முயன்று பார்க்க முடியும்.

மேலே சொன்னவை மரபணு பற்றிய தகவலைச் சார்ந்தவை. மரபணுவை மாற்றுவது பற்றிய கேள்விக்கு வேலூரே போதும். கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையில் கடுமையான ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐவருக்குச் செய்யப்பட்ட மரபணு சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தன. அவர்களின் வயது 22 முதல் 41. ஐவரையும் சேர்த்து 81 மாதங்கள் கண்காணித்ததில், ரத்தக்கசிவு நிகழவில்லை. ரத்தம் உறைவதற்கான எட்டாவது காரணியை இயல்பாகக் கல்லீரலின் நுண்குழல் உட்சுவர்ச் செல்களே பெரும்பாலும் சுரக்கின்றன. வேலூரில் நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, லென்டிவைரஸ் வழியாக மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தினார்கள். அவற்றிலிருந்து உருவாகும் ஒருவகை வெள்ளணுக்கள் அக்காரணியைச் சுரந்தன. அந்தச் செல்கள் மஜ்ஜையில் தங்குவதற்கு இடம் வேண்டும் என்பதற்காக, பழைய மஜ்ஜைச் செல்களை முதலில் மருந்தால் அழித்தார்கள். அத்தகைய மருந்துகள் இனப்பெருக்க உறுப்புகளையும் பாதிக்கக்கூடியவை. எட்டாவது காரணியின் மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். சிகிச்சை மஜ்ஜையில் நடந்தது; விந்தகத்தில் எதுவும் திருத்தப்படவில்லை. எனவே ரத்தக்கசிவு நின்றுவிட்ட அந்த ஆணுக்கு மகள் பிறந்தால், அவளுக்குப் போவது பழைய எக்ஸ் குரோமோசோம்தான். அவள் நோயைக் கடத்துபவளாகவே இருப்பாள். அப்படியானால் விந்தணுவிலும் திருத்தியிருக்கலாமே என்று கேட்கும் மாணவர் இருப்பார், இருக்கவும் வேண்டும். 2018 நவம்பரில் சீனாவின் ஹ ஜியான்குய் கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண்குழந்தைகளைப் பிறக்கச்செய்ததாக அறிவித்ததும், அடுத்த ஆண்டு அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டதும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2019 வழிகாட்டுதல் இனச்செல் வழி மாற்றத்தைத் தடைசெய்திருப்பதும் அந்தக் கேள்வியின் தொடர்ச்சியாக வரும்போதுதான் புரியும். உடல் செல்லுக்கும் இனச்செல்லுக்கும் இடையிலான கோடு, மஜ்ஜைக்கும் விந்தகத்துக்கும் இடையிலான கோடு என்று தெரிந்தவருக்கே அந்தத் தடையின் பொருள் விளங்கும்.

இவ்வளவு சிக்கலைப் பதினைந்து வயதில் தாங்குவார்களா என்பது அடிக்கடி எழும் எதிர்ப்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 அறநெறி வழிகாட்டுதல், 12 வயதுக்கு மேல் 18 வரையுள்ளவர் ஆய்வில் பங்கேற்கப் பெற்றோரின் ஒப்புதலோடு அவருடைய எழுத்துமூல இசைவும் வேண்டும் என்கிறது. தன் உடல்மீதான ஆய்வுக்குக் கையெழுத்திடத் தகுதி உண்டு என்று நாடே ஏற்றுக்கொண்ட வயதினருக்கு, எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்று கற்பிக்கும் வயது வரவில்லை என்பது பொருந்தாது. கற்பிக்காததன் விலையும் நமக்குத் தெரியும். பாத் என்ற அமெரிக்க அமைப்பின் திட்டத்தில் 2009–10இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்திலும் பள்ளி வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. கம்மத்தில் பல படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்திட்டிருந்தனர். நாடாளுமன்ற நிலைக்குழு 2013 அறிக்கையில் இதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதே, அது மரபணுப் பொறியியலின் பயனுள்ள படைப்புகளில் ஒன்று. கேட்கப்பட வேண்டிய சிறுமிகளைக் கேட்காமல் போட்டதுதான் சிக்கல், அதிலும் அந்தக் கையெழுத்துகள் பள்ளிக்குள்ளேயே விழுந்தன.

அறக்கேள்விகளை எழுப்பினால் அறிவியல்மீது அச்சம் வளரும் என்று அஞ்சுவோரும் உள்ளனர். மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரிக்காய் 2010 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டதை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அச்சத்தைப் போக்குவதற்கும் உடலிலிருந்து தொடங்குவதே நல்ல வழி. 2011 முதல் நாடு முழுவதும் குழந்தைகளுக்குப் போடப்படும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மரபணுப் பொறியியலால் உருவாவது. வீட்டில் இருக்கும் நீரிழிவு நோயாளி போட்டுக்கொள்ளும் மனித இன்சுலினும் அப்படியே. கல்லீரலையும் கணையத்தையும் கற்பிக்கும்போதே இதைச் சொல்லிவிட்டால், மரபணு மாற்றம் என்பது எங்கோ நடக்கும் பயங்கரமாகத் தோன்றாது. நீட் தேர்வுக்கும் பொதுத்தேர்வுக்கும் இடையே நேரமில்லை என்பது உண்மையான நெருக்கடி. ஆனால் இங்கே கோரப்படுவது புதிய இயலோ கூடுதல் பாடவேளையோ அன்று. மணிக்கட்டு எலும்புகளைக் கற்பிக்கும் அதே பாடவேளையில் ஒரு வழக்கு, கல்லீரலுக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று; அவ்வளவே. மதிப்பெண்ணும் கருத்துக்குத் தரப்பட வேண்டியதில்லை. அந்தக் கருத்தைத் தாங்கும் உடலியல் காரணத்துக்குத் தரலாம். ஆசிரியர் தம் நம்பிக்கையைத் திணிப்பார் என்ற கவலைக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

தொழிலாளரைக் காப்பது சட்டத்தின் வேலை, பள்ளியின் வேலையா என்ற கேள்வி எஞ்சுகிறது. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு, வரையறுக்கப்பட்ட வயதினருக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் எடுக்கப்படும் ரத்தத்தில் எதெல்லாம் பார்க்கப்படுகிறது என்று கேட்கத் தெரிந்தவருக்கே அது முழுமையாகப் பயன்படும். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் மரபணுத் தகவலைத் தனி வகையாகப் பிரித்துக் காக்கவில்லை. சட்டம் வருவதற்குக் காலமும் கேட்கும் குரல்களும் தேவை. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றை 1986இல் கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள்தான். வேலை தருவதற்கு எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக்கக் கூடாது என்று சொல்லும் சட்டம் 2017இல் நிறைவேறியது. இடைப்பட்ட 31 ஆண்டுகளில் நோயாளிகளும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் அதற்காகப் போராட வேண்டியிருந்தது. 2008இல் அமெரிக்கா, மரபணுத் தகவலைக் காட்டி வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் பாகுபாடு காட்டுவதைத் தனிச் சட்டத்தால் தடைசெய்தது. ஒரகடத்திலோ மறைமலை நகரிலோ நாளை வேலைக்குச் சேரும் ஒருவருக்கு, அத்தகைய சட்டம் இந்தியாவில் இன்னும் இல்லை.