தேர் திரும்பும் அளவு: ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஊர்களின் மரபுக் கட்டடங்களும் புதிய கட்டுமானமும்

மரபுக் கட்டடத்தோடு புதிதாக ஒன்றைச் சேர்த்துக் கட்டுவது பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு விரைவிலேயே இரண்டு கேள்விகளில் வந்து நின்றுவிடுகிறது. எவ்வளவு உயரம் கட்டலாம்? பழையதை ஒத்திருக்க வேண்டுமா, வேறுபட்டுத் தெரிய வேண்டுமா? முதலாவது சட்டத்தின் கேள்வி. இரண்டாவது கட்டடக் கலைஞரின் கேள்வி. விருதுநகர் மாவட்டத்தில் அடுத்தடுத்து இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் இராஜபாளையத்தையும் வைத்துப் பார்த்தால் இரண்டுமே போதாதவை. இவ்வூர்களில் காக்க வேண்டிய அலகு தனிக் கட்டடமல்ல, தெரு. அந்தத் தெருவின் அகலத்தையும் விளிம்பையும் நிர்ணயித்தது அதில் நடந்துவரும் வழக்கம். புதிய கட்டுமானத்துக்கான விதியை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில் ஒரே மூச்சில் கட்டி முடிக்கப்பட்டதல்ல. வடகிழக்கில் வடபத்ரசாயி, தென்மேற்கில் ஆண்டாள், நடுவில் நந்தவனம் என்ற அமைப்பே ஒன்றோடு ஒன்று சேர்ந்து வளர்ந்த இடம் என்பதைக் காட்டுகிறது. பாண்டியன் அவையில் பெற்ற பொற்கிழியைக் கொண்டு பெரியாழ்வார் பெரிய கோபுரத்தை எழுப்பினார் என்பது மரபு. அதை வரலாறாக ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஊரின் நினைவில்கூட அந்தப் பதினொரு நிலைக் கோபுரம் ஏற்கெனவே இருந்த கோயிலோடு பின்னால் சேர்ந்த ஒன்றாகவே இருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. நாயக்கர் காலத்தில் மண்டபங்கள் சேர்ந்தன. நம் காலத்தில் ஆண்டாள் கருவறை விமானம் பொன் தகடு போர்த்திக்கொண்டது. சேர்த்துக் கட்டுவது இங்கே விலக்கல்ல, வழக்கம்.

இந்த வழக்கத்துக்கு நெறிகள் உண்டு. திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்து மூர்த்தியின் சாந்நித்தியத்தை வேறிடத்துக்கு மாற்றுகிறார்கள். புதிய மண்டபத்தின் நீள அகலங்களை ஸ்தபதி ஆயாதி என்னும் மரபு அளவுக் கணக்கில் பொருத்திப் பார்க்கிறார். பழையதை ஒத்திருப்பதா, வேறுபடுவதா என்பது அவருக்குக் கேள்வியாகவே எழுவதில்லை. மரபுச் சின்னங்களின் பாதுகாப்புக்கான 1964இன் வெனிஸ் சாசனமோ, தவிர்க்க முடியாமல் சேர்க்கப்படும் பகுதி தன் காலத்தின் முத்திரையைத் தாங்க வேண்டும், பழையதிலிருந்து பிரித்தறியத் தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. முரண் போலத் தோன்றினாலும் நடைமுறையில் முரண் பெரிதல்ல. பாண்டியர் காலப் போதிகைக்கும் நாயக்கர் காலத்தின் தாமரை மொட்டுத் தொங்கும் போதிகைக்கும் உள்ள வேற்றுமையைக் கொண்டே ஒரு மண்டபத்தின் காலத்தை ஆய்வாளர்கள் சொல்லிவிடுகிறார்கள். வேறுபட வேண்டுமென்று எவரும் திட்டமிடவில்லை. கைத்தொழில் மாறியது, வேறுபாடு தானாக வந்தது. இந்தியச் சூழலுக்கென இன்டாக் அமைப்பு 2004இல் வெளியிட்ட சாசனம் கைவினை மரபின் தொடர்ச்சியையும், பழுதானதைப் புதுப்பிக்கும் ஜீர்ணோத்தாரணத்தையும் ஏற்றுக்கொண்டதன் நியாயம் இதில்தான் இருக்கிறது. இன்று பல கோயில்களின் பிராகாரங்களில் காணும் தகரக் கொட்டகையையும் வழுவழுப்பான தரை ஓட்டையும் இந்தத் தொடர்ச்சியின் கணக்கில் எழுதிவிட முடியாது. அவற்றில் ஸ்தபதியின் கணக்கும் இல்லை, வெனிஸ் சொல்லும் நேர்மையும் இல்லை.

ஆனால் கோயிலுக்குள் நடப்பதைவிடக் கோயிலுக்கு வெளியே நடப்பதே ஊரை மாற்றுகிறது. ஆடிப்பூரத்தில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் ஏறிவரும் தேர் தமிழகத்தின் மிகப் பெரிய தேர்களுள் ஒன்று. அது நான்கு ரத வீதிகளில் ஓட வேண்டும்; ஓடுவதைவிடக் கடினம், நான்கு மூலைகளில் திரும்புவது. வடம் பிடிப்போர் நிற்கும் நீளம், சறுக்குக் கட்டை போடுவோர் சக்கரத்தின் பக்கத்தில் ஒதுங்கும் இடம், அலங்காரச் சீலை காற்றில் விரியும் அகலம் எல்லாம் சேர்ந்துதான் வீதியின் அளவு. எந்த நகரமைப்பு வரைபடத்திலும் இந்த அளவு எழுதப்பட்டதில்லை. வீட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

தேரே ஒரு சான்று தருகிறது. மரச் சக்கரங்களோடு இருந்த காலத்தில் இது நிலைக்கு வந்து சேர நாள்கணக்கு நிச்சயமில்லை. இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திய பிறகு ஓட்டம் எளிதாயிற்று. தூய்மைவாதி ஒருவர் இதை மரபுச் சிதைவு என்று எழுதக்கூடும். நான் அப்படிக் கருதவில்லை. தேரின் பொருள் அது ஓடுவதில் இருக்கிறது; ஓட்டத்தைக் காத்த சேர்க்கை தேரைக் காத்த சேர்க்கை. அதே அளவுகோலைத் தெருவுக்கு வைத்தால், ரத வீதியில் எழும் ஒரு புதிய கட்டடம் எந்தப் பாணியில் இருக்கிறது என்பது இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. அது வீதிக்குள் பால்கனியை நீட்டுகிறதா, மூலையை அடைக்கிறதா, திண்ணையை விழுங்கிக் கடையின் ஷட்டரைத் தெரு விளிம்புக்குக் கொண்டுவருகிறதா என்பவையே முதன்மையாகின்றன.

நம் சட்டங்கள் இப்படிப் பார்ப்பதில்லை. அவை வட்டம் போடுகின்றன. தொல்லியல் சின்னங்கள் பற்றிய 1958இன் மத்தியச் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைப் பகுதியாகவும் அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குமுறைப் பகுதியாகவும் வகுத்தது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாதென்ற அரசாணை 1997இல் வந்தது. அதை மீறிய கட்டடங்கள் நீதிமன்றம் வரை போனது ஒருபுறமிருக்க, மீறாதவற்றைப் பார்ப்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 9 மீட்டருக்குள் அடங்கி, சட்டப்படி குற்றமற்று, திண்ணையும் முற்றமும் தாழ்வாரமும் துடைக்கப்பட்ட கட்டடங்கள் ஏராளம். கோபுரம் தெரிகிறது, கோபுரத்தைப் பார்த்து நின்ற தெரு இல்லை. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியும் செயலுக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. கோயில்களின் பாதுகாப்புக்காக 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் 75 வழிகாட்டுதல்களைத் தர வேண்டிவந்தது. இந்த முயற்சிகளின் கவனமும் பெரும்பாலும் சின்னங்களின் மேலேயே.

இராஜபாளையத்தில் வட்டம் போடவே வழியில்லை. நடுவில் ஊசியை ஊன்றத்தக்க ஒற்றைப் பெருஞ்சின்னம் இவ்வூரில் இல்லை. இவ்வூரின் மரபு பழையபாளையம், புதுப்பாளையம் போன்ற பகுதிகளின் தெருக்களிலும் சாவடிகளிலும் வீடுகளிலும், 1936இல் தொடங்கிய இராஜபாளையம் மில்ஸ் கொண்டுவந்த ஆலை வாழ்க்கையிலும் பரவிக் கிடக்கிறது. இங்கே பழைய வீட்டை மாற்றுவது கலை ரசனையோ பேராசையோ அல்ல, பெரும்பாலும் பாகப்பிரிவினை. குறுகிய முகப்பும் நீண்ட உள்வாங்கலும் கொண்ட வீடு நீளவாக்கில் இரண்டாகிறது. முற்றத்தின் குறுக்கே சுவர் எழுகிறது. வெளிச்சம் போனதால் ஆளுக்கொரு மாடி, அதற்கு ஆளுக்கொரு படிக்கட்டு, படிக்கட்டுக்கு இடமாகத் திண்ணை. பாதுகாப்புப் பற்றி எழுதுவோர் பத்திரப் பதிவு அலுவலகத்தின் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

பொறியியல் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. பழைய மெட்ராஸ் டெரஸ் தளம் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கலை நிமிர்த்தி வைத்துச் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. தாங்கும் சுவரும் சுண்ணாம்புச் சுவர். ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும், சிறிது அசைவையும் பொறுக்கும். அதன்மேல் கான்கிரீட் மாடியை ஏற்றிச் சிமெண்ட் பூசினால் சுவருக்குள் ஈரம் அடைபடுகிறது, உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது, உத்தரத்தின் முனை சுவருக்குள் உளுக்கிறது. பிறகு வீடு பழசாகிவிட்டது என்று இடிக்கிறார்கள். சிமெண்டைக் குறை சொல்வது நோக்கமல்ல. இராஜபாளையத்துத் தொழில்முனைவோர் பி.ஏ.சி. ராமசாமி ராஜா உருவாக்கிய ராம்கோ குழுமம் இன்று சிமெண்டால் அறியப்படுவது. அந்த ஊரில் சிமெண்டுக்கு எதிராக வாதாடுவது வீண். புதியது பழைய சுவரின் தோளில் ஏறாமல், முற்றத்துக்குப் பின்னால், தன் சொந்த அடித்தளத்திலும் தூண்களிலும் நிற்கட்டும் என்பதே கோரிக்கை. அப்போது முன்கட்டு தெருவுக்கு, பின்கட்டு குடும்பத்துக்கு. இடமும் குறைவதில்லை.

கட்டாமலே புதிய பயன்பாட்டைச் சேர்க்கும் வழியும் இவ்வூர்களுக்குப் பழக்கமானதே. சென்னை மாகாண முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை இருந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா இராஜபாளையத்தில் தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரின் திருமலை நாயக்கர் மகாலில் நெடுங்காலம் நீதிமன்றம் நடந்தது. மதுரை மகாலிலும் அப்படியே. பயன்பாடு ஒன்று வந்து அமர்ந்திராவிட்டால் இவை இந்த அளவுக்குக்கூட மிஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

தெருவை அலகாகக் கொள்வது கனவல்ல என்பதற்குப் புதுச்சேரியின் வைசியாள் வீதி அருகிலுள்ள சான்று. தமிழர் பகுதியில் உள்ள அவ்வீதியில் தனி மாளிகை ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல், திண்ணையும் தெருத் தாழ்வாரமும் கொண்ட முகப்புகளை வரிசையாகச் சீரமைத்தார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது. அங்கே சுற்றுலா வருமானம் இருந்தது, இங்கே இல்லை என்ற மறுப்பு நியாயமானதே. தன் பாகத்தில் மாடி எழுப்ப நினைக்கும் நெசவாலைத் தொழிலாளியிடம் ஊரின் அழகுக்காகப் பொறுத்துக்கொள் என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ஆகவே நிபந்தனையோடு சலுகையும் வர வேண்டும்: திண்ணையையும் முன்கட்டையும் விட்டுவைப்பவருக்குச் சொத்துவரியில் தள்ளுபடியும் பின்கட்டில் கூடுதல் தளப்பரப்பும்.

நடைமுறைக்கு இரண்டு நகராட்சிகளும் புதுச்சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டட அனுமதி விண்ணப்பத்தோடு இன்று மனையின் வரைபடம் மட்டும் வருகிறது. இருபுறமும் அடுத்தடுத்த வீடுகளின் முகப்பையும் சேர்த்துத் தெருவின் நிமிர்ந்த வரைபடம் ஒன்றைக் கேட்கலாம். ரத வீதிகளிலும் அவற்றின் மூலைகளிலும் மட்டும், தேர் கடந்துபோகும் அகலத்தைத் திருவிழாவுக்குப் பொறுப்பானவர்களோடு சேர்ந்து ஒருமுறை அளந்து, எந்த நீட்சியும் தாண்டக் கூடாத கோடாக அதைப் பதிவு செய்யலாம். அளப்பதற்கு ஆடிப்பூரத்தை விடப் பொருத்தமான நாள் இல்லை.